எச்.பீ.வீ. 16 என்றால் 11ஐ விடக் கூடவா? இலக்கங்களை வாசிக்கும் முறை

ஒரே வீட்டுக்கு இரண்டு கடதாசிகள் வரலாம். ஒன்று, தரம் 6இல் படிக்கிற மகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றிப் பாடசாலையிலிருந்து வருவது. மற்றது, தாய் தனியார் பரிசோதனைக்கூடமொன்றில் செய்துகொண்ட சோதனையின் ரிப்போட். முதலாவது ஊசி 6, 11, 16, 18 என்ற வகைகளுக்கு எதிரானது. இரண்டாவதில் "16 இல்லை, 18 இல்லை, ஏனைய உயர் ஆபத்து வகைகள் உண்டு" என்று இருக்கிறது. இரண்டிலும் எச்.பீ.வீ. என்ற அதே பெயர்தான்; கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் அது.

வைத்திய ரிப்போட்டில் வரும் இலக்கங்களை நாம் ஒரே மாதிரித்தான் வாசித்துப் பழகியிருக்கிறோம். சீனி 110ஐ விட 180 கூட, பிரசர் 120ஐ விட 160 கூட. இலக்கம் ஏறினால் வருத்தமும் ஏறுகிறது. எச்.பீ.வீ. ரிப்போட்டை அந்தக் கண்ணால் பார்த்தால் எல்லாமே பிழைத்துவிடும். இங்கே 16 என்பது அளவு அல்ல, பெயர். அந்தப் பெயரோடு கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, அது எவ்வளவு காலமாக உடம்பில் இருக்கிறது என்பது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சம் விளங்கும்.

ஒரு வைரஸ் அல்ல, பெரிய குடும்பம்

எச்.பீ.வீ. என்பது மனித பப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. எல்லாமே மிகச் சிறியவை. ஒவ்வொன்றின் டி.என்.ஏ.யிலும் ஏறத்தாழ 8,000 எழுத்துகள்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க: மனிதனுடையது சுமார் 300 கோடி.

புதிய வகை என்று ஒன்றைப் பிரித்தெடுக்க ஒரு விதி இருக்கிறது. வைரஸின் வெளி ஓட்டைக் கட்டும் புரதத்துக்கு எல்.1 என்று பெயர். அதற்கான மரபணு, ஏற்கெனவே தெரிந்த எல்லா வகைகளிலிருந்தும் நூற்றுக்கு 10க்கு மேல் வேறுபட்டால் அது புதிய வகை. கண்டுபிடிக்கப்பட்ட வரிசையிலேயே அதற்கு இலக்கம் கொடுப்பார்கள். பாடசாலையில் பிள்ளைக்குக் கொடுக்கிற சேர்விலக்கம் மாதிரி. சேர்விலக்கத்தை வைத்து அந்தப் பிள்ளை எப்போது வந்து சேர்ந்தது என்று சொல்லலாம், குழப்படியா அமைதியா என்று சொல்ல முடியாது. அப்படித்தான் 16 கொடியது, 11 புற்றுநோயைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் செய்யாது, 6உம் அப்படியே. இலக்கம் 100ஐத் தாண்டிய வகைகளிலும் பல தோலில் சத்தமில்லாமல் கிடப்பவை.

எது எங்கே தங்கும்

எல்லா வகையும் எல்லா இடத்திலும் வளராது. நடைமுறைக்கு மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்:

1. கை, கால் தோலுக்குரியவை. 1, 2, 4 போன்ற வகைகள். பிள்ளைகளின் விரலில் வரும் பாலுண்ணி, உள்ளங்காலில் வரும் மரு இவற்றின் வேலை. இவற்றுக்கும் கருப்பைக் கழுத்துக்கும் தொடர்பு இல்லை. விரலில் பாலுண்ணி வந்த பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

2. பிறப்புறுப்புப் பகுதிக்குரிய, ஆபத்துக் குறைந்தவை. முக்கியமானவை 6உம் 11உம். பிறப்புறுப்பு மருக்களில் நூற்றுக்கு 90 அளவில் இந்த இரண்டாலும்தான் வருகின்றன. அரிதாகச் சிறு பிள்ளைகளின் குரல்வளையிலும் இவை மருவை உண்டாக்கும். தொந்தரவு, வெட்கம், திரும்பத் திரும்பச் சிகிச்சை என்று அலைக்கழிக்கும். ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இவை காரணமல்ல.

3. உயர் ஆபத்து வகைகள். 16, 18, 31, 33, 35, 39, 45, 51, 52, 56, 58, 59 ஆகிய 12ஐயும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம், மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியான பிரிவில் வைத்திருக்கிறது. 68ஆம் வகை அதற்கு ஒரு படி கீழே.

இந்த 12உம் சமமானவை அல்ல. உலகில் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 70 அளவுக்கு 16உம் 18உம் மட்டுமே பொறுப்பு. அதிலும் பெரும்பங்கு 16க்கு. 31, 33, 45, 52, 58 என்ற ஐந்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 90. மிச்சத்தை மற்றவை பங்கிட்டுக்கொள்கின்றன. 18ஆம் வகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கருப்பைக் கழுத்தின் உட்பக்கம், சளியைச் சுரக்கும் சுரப்பிக் கலங்களில் தொடங்கும் புற்றுநோயில் அதன் பங்கு கூட. அந்த இடம், கலங்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பெப் பரிசோதனையில் இலகுவில் பிடிபடாது.

பிடிபட்ட கதை

1970களில் இந்தப் புற்றுநோய்க்கு ஹெர்பீஸ் வைரஸ்தான் காரணம் என்று பலர் நம்பினார்கள். ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் அதை ஏற்கவில்லை. மருக்களை உண்டாக்கும் பப்பிலோமா குடும்பத்திலேயே குற்றவாளி இருக்கவேண்டும் என்று தேடினார். 1983இல் அவருடைய குழு புற்றுநோய் இழையத்திலிருந்து 16ஆம் வகையையும், அடுத்த வருடம் 18ஆம் வகையையும் பிரித்தெடுத்தது. 2008இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது.

இன்னொரு தடயமும் அதற்கு வெகுகாலம் முன்பே ஆய்வுகூடங்களுக்குள் இருந்தது. 1951இல் அமெரிக்காவில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியேற்றா லக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து, அவருடைய சம்மதம் கேட்காமலே எடுக்கப்பட்ட கலங்கள் இன்றுவரை பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. ஹீலா கலங்கள் என்று பெயர். பிற்காலத்தில் அவற்றுக்குள் பார்த்தபோது 18ஆம் வகையின் மரபணுத் துண்டு இருந்தது. உரியவர் போய் 70 வருடங்களுக்கு மேலாகிவிட்டது, வைரஸ் கொடுத்த கட்டளை இன்னும் ஓடுகிறது.

கலத்துக்குள் நடப்பது

கருப்பைக் கழுத்தில் இரண்டு விதமான மேலணி, அதாவது மேற்பரப்பை மூடும் கலப் படலம், சந்திக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. வெளிப்பக்கம் பல அடுக்குக் கலங்கள், உட்பக்கம் ஒற்றை அடுக்குச் சுரப்பிக் கலங்கள். பருவமடைதலின் பின் இந்த விளிம்பில் ஒரு வகைக் கலம் மற்ற வகையாக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் இதை மாறும் வலயம் என்கிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்கள் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் தொடங்குகின்றன. பெப் பரிசோதனையில் சுரண்டி எடுப்பதும் இங்கேயிருந்துதான்.

கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு ஊடாக வைரஸ் அடியடுக்குக் கலத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது கலத்தைக் கொல்வதில்லை, இரத்தத்துக்குள் இறங்குவதும் இல்லை. காய்ச்சல் இல்லை, நோ இல்லை. உடம்பின் நிர்ப்பீடனம் கவனிக்காமலே விட்டுவிடக்கூடிய அளவுக்கு அமைதியாக இருக்கிறது.

உயர் ஆபத்து வகைகளின் பலம் ஈ.6, ஈ.7 என்ற இரண்டு புரதங்கள். மாரி மழையில் உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கலம் கண்டபடி பிரியாமல் அடைத்து வைத்திருக்கும் கதவு ஆர்.பீ. என்ற புரதம். ஈ.7 போய் அதைப் பற்றிக்கொள்ள, கதவு திறந்துவிடுகிறது, கலம் பிரிய ஆரம்பிக்கிறது. வழமையாக இந்த நேரத்தில் பீ.53 என்ற காவலாளி வந்து, பிழைத்த கலத்தை நிறுத்துவான் அல்லது அழித்துவிடுவான். ஈ.6 அந்தக் காவலாளியையே சிதைத்துவிடுகிறது. கதவும் இல்லை, காவலும் இல்லை என்ற நிலையில் கலம் பிரியப் பிரிய மரபணுப் பிழைகள் சேர்கின்றன. 6, 11 ஆகியவற்றிடமும் இதே பெயருள்ள புரதங்கள் உண்டு, ஆனால் அவற்றின் பிடி தளர்வானது. சேர்விலக்கம் சொல்லாத வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

பல புற்றுநோய்களில் இன்னொன்றும் நடக்கிறது. வைரஸின் டி.என்.ஏ. உடைந்து நமது டி.என்.ஏ.க்குள் ஒட்டிக்கொள்கிறது. உடையும்போது அடிக்கடி அறுபடுவது ஈ.2 என்ற பகுதி. ஈ.6ஐயும் ஈ.7ஐயும் அளவோடு வைத்திருந்தது அதுதான். அது போனபின் இரண்டும் கட்டுப்பாடில்லாமல் உருவாகும்.

காலம் எவ்வளவு

இதை வாசித்துவிட்டு, வைரஸ் இருந்தால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. தொற்றுகளில் நூற்றுக்கு 90 அளவில் இரண்டு வருடங்களுக்குள் தானாகவே அடங்கிவிடுகின்றன. பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் இருபாலாரிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பீ.வீ. தொற்றும். வந்தது தெரியாது, போனதும் தெரியாது.

தங்கிவிடுகிற சிறு பங்குதான் பிரச்சினை. அதன் பாதை பொதுவாக இப்படிப் போகும்:

1. உயர் ஆபத்து வகையொன்று விலகாமல் வருடக்கணக்கில் நிலைப்பது.
2. மேலணியில் கலங்கள் மாறத் தொடங்குவது. இதைச் சின் (CIN) 1, சின் 2, சின் 3 என்று தரம் பிரிக்கிறார்கள். சின் 1 பெரும்பாலும் தானே சுகமாகிவிடும். சின் 3 தான் புற்றுநோய்க்கு உண்மையான முன்னிலை.
3. மாறிய கலங்கள் அடிச் சவ்வை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்குவது. புற்றுநோய் என்ற சொல் இங்கிருந்துதான் பொருந்தும்.

சாதாரண நிர்ப்பீடனம் உள்ள பெண்ணுக்கு இந்த முழுப் பாதைக்கும் 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்று இருந்தால் 5 முதல் 10 வருடங்கள். புகைத்தல், நிறையப் பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரையை நெடுங்காலம் பாவித்தல் ஆகியவை பாதையைக் கொஞ்சம் சுருக்கலாம். ஆனால் வைரஸ் இல்லாமல் இவை மட்டும் இந்தப் புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை.

சின் 3ஐ விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்த விதம் வேதனையானது. நியூசிலாந்தின் ஒக்லாந்தில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து, சின் 3 இருந்த பெண்கள் சிலருக்குப் போதிய சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு இது தெரியாது. 1980களில் விடயம் வெளியில் வந்து விசாரணை நடந்தது. பிற்காலத்தில் பதிவுகளைக் கணக்கிட்டபோது, சரியான சிகிச்சை கிடைக்காதவர்களில் நூற்றுக்கு சுமார் 30 பேருக்கு 30 வருடங்களுக்குள் புற்றுநோய் வந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. செய்யவே கூடாத சோதனை அது. ஆனால் இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தூரத்தில்தான் முன்கூட்டிய பரிசோதனையின் முழு அர்த்தமும் இருக்கிறது.

ரிப்போட்டை எப்படி வாசிப்பது

இங்கே நடக்கிற குழப்பத்தில் பாதி, இரண்டு வேறு பரிசோதனைகளை ஒன்றாக நினைப்பதால் வருவது.

பெப் பரிசோதனை கலங்களைப் பார்க்கிறது. சுரண்டி எடுத்த கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியின் கீழ் வடிவம் மாறியிருக்கிறதா என்று தேடுவார்கள். எச்.பீ.வீ. டி.என்.ஏ. பரிசோதனை கலத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உயர் ஆபத்து வகைகளின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று மட்டும் தேடும். முதலாவது "சேதம் தொடங்கிவிட்டதா" என்று கேட்கிறது. இரண்டாவது "சேதம் செய்யக்கூடியது உள்ளே இருக்கிறதா" என்று கேட்கிறது. ஆகவே டி.என்.ஏ. பரிசோதனையில் பொசிட்டிவ் வந்தவருக்குப் பெப் பரிசோதனை சாதாரணமாக இருக்கலாம். அதில் முரண்பாடு ஏதும் இல்லை.

16ஐயும் 18ஐயும் மட்டும் தனியாகப் பெயர் சொல்லி, மற்ற உயர் ஆபத்து வகைகளை ஒரே கூட்டமாக "ஏனையவை" என்று எழுதுவது ஏன்? அமெரிக்காவின் போர்ட்லண்டில் 20,000க்கும் மேற்பட்ட பெண்களைப் 10 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று இதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் 10 வருடங்களில் சின் 3 அல்லது அதற்கு மேல் போனவர்கள், தொடக்கத்தில் 16 இருந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 17 பேர், 18 இருந்தவர்களில் சுமார் 14 பேர், ஏனைய உயர் ஆபத்து வகை இருந்தவர்களில் 3 பேர், எதுவும் இல்லாதவர்களில் ஒருவருக்கும் குறைவு. அதனால்தான் 16 அல்லது 18 என்றால் பொதுவாக நேரே கொல்போஸ்கோப்பி, அதாவது உருப்பெருக்கிக் கருவியால் கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் சோதனை. ஏனையவை என்றால் முதலில் பெப் பரிசோதனை, அது சாதாரணமாக இருந்தால் வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுபடி சோதனை. மேலே சொன்ன தாயின் ரிப்போட் இந்த இரண்டாவது பாதைக்குரியது. அதை அலட்சியம் செய்யவும் கூடாது, அதற்காக இரவு முழுக்க அழவும் தேவையில்லை.

இன்னொரு கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை, ஆனால் வீட்டுக்குள் வெடிக்கும்: இது யாரிடமிருந்து வந்தது? இந்த வைரஸ் பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. ஆனால் பல வருடங்களுக்கு முன் வந்த தொற்று கண்டுபிடிக்க முடியாத அளவில் அடங்கிக் கிடந்து பிற்காலத்தில் மறுபடி தலைகாட்டலாம். எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பொசிட்டிவ் ரிப்போட் ஒன்றை வைத்து மனைவியையோ கணவனையோ விசாரிக்க வழியே இல்லை.

200இல் நாலுக்கு மட்டும் ஊசியா?

எல்.1 புரதத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அதைத் தனியாக உற்பத்தி செய்தால், தானாகவே ஒன்றுசேர்ந்து வைரஸின் ஓடு போன்ற உருண்டையாகிவிடும். உள்ளே டி.என்.ஏ. இல்லை, வெறும் கோது. கார்டசில் என்ற ஊசியில் இந்தக் கோதை ஈஸ்டில் வளர்த்தெடுக்கிறார்கள். ஜெலட்டின் கலந்திருக்குமோ என்று சிலர் கேட்பதுண்டு, அது சேர்ப்பதில்லை. டி.என்.ஏ. இல்லாத கோதினால் தொற்றை உண்டாக்க முடியாது. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. கை நோகலாம், சில பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து மயங்கலாம், ஆகவே 15 நிமிடம் இருத்தி வைக்கிறார்கள்.

இயற்கையான தொற்று இரத்தத்துக்கு வராததால் பலருக்கு அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் போதுமான அளவு உருவாவதில்லை. தசையில் போடுகிற ஊசி அதை விடப் பன்மடங்கு உருவாக்கும். ஆனால் அந்தப் பிறபொருளெதிரி வாசலில் நின்று மறிப்பது. வைரஸ் ஏற்கெனவே புகுந்துவிட்ட அடியடுக்குக் கலம் எல்.1 புரதத்தைக் காட்டுவதில்லை, ஆகவே அதை இந்த ஊசியால் தேடிப் பிடிக்க முடியாது. பத்து, பதினொரு வயதில் போடுவதற்குக் காரணம் இதுதான். "இந்த வயசுப் பிள்ளைக்கு ஏன் இப்படியொரு ஊசி" என்று முகம் சுளிப்பவர்கள் இதைத் தலைகீழாக வாசிக்கிறார்கள். வெள்ளம் வந்தபின் அணைக்கட்டுப் போட முடியாது.

200 வகைகளில் நாலு போதுமா என்றால், கணக்கு வகைகளின் எண்ணிக்கையில் இல்லை, பங்கில் இருக்கிறது. அந்த நாலில் இரண்டு, புற்றுநோயில் நூற்றுக்கு 70க்குப் பொறுப்பானவை. மற்ற இரண்டு, மருக்களில் 90க்கு. ஒன்பது வகைகளுக்கு எதிரான ஊசி 31, 33, 45, 52, 58 என்ற ஐந்தையும் சேர்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போடப்பட்ட தலைமுறையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் நூற்றுக்கு 87 குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே முதலில் பாவித்தது 16, 18 ஆகிய இரண்டுக்கு மட்டுமான ஊசி.

இலங்கையில் இது 2017இல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தரம் 6 மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று தொடங்கினார்கள். ஒரே ஊசியும் போதுமான பாதுகாப்புத் தரும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு

2017இல் தரம் 6இல் இருந்த பிள்ளைகளுக்கு 35 வயதாகும்போது 2041 ஆகிவிடும். இன்று 35இலும் 45இலும் இருக்கிற, வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரையான பெண்கள் பாடசாலையில் படித்த காலத்தில் இந்த ஊசியே கிடையாது. அவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பு பரிசோதனை மட்டும்தான்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நாட்டில் இருக்கின்றன. பெப் பரிசோதனை அங்கே இலவசம், 35 வயதுப் பெண்களை முதலில் நோக்கியது. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போகவேண்டும். சுரண்டி எடுக்கச் சில நிமிடங்கள்தான். உங்கள் பகுதியில் எந்த நாளில் நடக்கிறது என்று அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் தெரியும். பிள்ளைப்பேற்றோடு கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டவர்கள்தான் இந்த நோயின் வயதில் இருப்பவர்கள் என்பதுதான் இதில் உள்ள இக்கட்டு. படுவான்கரையில் வயலுக்கும் வாடிக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு, நோ ஒன்றும் இல்லாத உடம்பைக் காட்ட ஒரு நாள் கூலியை விடுவது சின்ன விடயமல்ல. ஆனால் உடலுறவின் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணுதல், நாற்றத்தோடு வெள்ளைபடுதல் என்று அறிகுறிகள் வரும்போது நிலைமை பெரும்பாலும் மேலே சொன்ன பாதையின் மூன்றாவது படிக்கு, அதாவது புற்றுநோய்க்கு, வந்திருக்கும். அப்படி வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஊசி போட்ட பிள்ளைகளும் 35 வயதில் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். நாலு வகை ஊசி விட்டுவைத்த 31, 33, 45, 52, 58 அப்போதும் இருக்கும்.